தாழ்ப்பாள் தளிர்த்த பள்ளி

பேராச்சிக்கு நடந்த அநியாயம் இதுதான்: பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, என் அறைக்குள் வரும்போது கதவைத் தட்டிவிட்டு வாருங்கள் என்று கேட்டாள், அதை ஒரு வியாதி என்று எழுதி, முத்திரை குத்தி, கோப்பில் சேர்த்தார்கள். எழுதியவர் கமலவேணி மேடம், எங்கள் பள்ளியின் இயக்குநர். கீழே கையெழுத்துப் போட்டவர் நெல்லையப்பன், பேராச்சியின் அப்பா, அம்பாசமுத்திரம் பக்கத்தில் ரைஸ்மில் வைத்திருப்பவர். பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள் நாற்பத்திரண்டு பெண்கள், ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் தப்பை அடுக்கிவிட்டு நம் தப்பை முந்தானையில் முடிந்துகொள்வது எனக்குப் பிடிக்காது.

கருங்காட்டு மலையில் பாதி ஏறினால் வருகிற அந்த இடத்துக்கு, செந்தளிர் பெண்கள் நல்வாழ்வு உறைவிடப் பள்ளி என்று பெயர். சாப்பிடாத பெண்கள், தூங்காத பெண்கள், தூங்கிக்கொண்டே இருக்கிற பெண்கள், பரீட்சைத் தாளில் மீன் படம் வரைந்து கொடுத்துவிட்டு வந்தவள், காதலித்தவள், காதலிக்கமாட்டேன் என்று சொல்லி அடி வாங்கியவள், இப்படி வீட்டில் சமாளிக்க முடியாதவர்களை எல்லாம் ஒரு வருஷத்தில் சரிசெய்து தருவதாக அதன் விளம்பரத் தாள் சொன்னது, மிக்ஸியைச் சரிசெய்து தருவதுபோல. நியாயமாகச் சொன்னால், அங்கே நல்லதும் இருந்தது: வியாழக்கிழமை வருகிற டாக்டரம்மா நாம் பேசி முடிக்கும்வரை கடிகாரத்தைப் பார்க்கமாட்டார், சாம்பாரில் காய் இருக்கும், காலையில் மலைப்பாதையில் நடக்கவிடுவார்கள். நல்லது இருந்தது என்பதற்காகக் கெட்டதைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் உலகத்தில் யாரும் எதைப் பற்றியும் பேச முடியாது.

கெட்டது, கதவு. மேடம் எங்கேயோ ஒரு பயிற்சிக்குப் போய்வந்து, மனம் திறக்க வேண்டுமானால் முதலில் கதவு திறக்க வேண்டும் என்று முடிவுசெய்து, அதற்குத் 'திறந்த கதவு முறை' என்று பெயரும் வைத்து, பள்ளியின் எல்லாக் கதவுகளிலிருந்தும் உள்தாழ்ப்பாள்களைக் கழற்றச்சொல்லி, அவற்றை ஏழு பிஸ்கட் டின்களில் போட்டு அலுவலக அலமாரியின் மேல் வைத்துவிட்டார். படுக்கும் அறை, படிக்கும் அறை, உடை மாற்றும் அறை, குளியலறை, கழிவறை, எதற்கும் உள்ளே தாழ் கிடையாது. குளிக்கிறவள் உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டுமே, அதனால் பாடிக்கொண்டே குளிப்பது என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. பாட்டுத் தெரியாதவள் பதினேழாம் வாய்ப்பாடு சொல்வாள், வாய்ப்பாடு வராதவள் தனிம அட்டவணையைச் சொல்வாள், எங்கள் பள்ளியில் வேதியியலில் ஒருத்திகூடத் தோற்காததற்கு அதுதான் காரணம், மேடம் அதையும் தன் முறையின் வெற்றி என்று அறிக்கையில் எழுதினார்.

பேராச்சி ஜூன் மாதத்தில் வந்தாள். போனின் கடவுச்சொல்லைக் கேட்ட அப்பாவிடம் அதைச் சொல்லாமல், நெல் அவிக்கிற தொட்டியில், கொதிக்கிற தண்ணீரில், போனைப் போட்டுவிட்டவள். அந்தப் போனில் என்னதான் இருந்தது என்று நீங்களும் கேட்பீர்கள், எல்லோரும் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தும் நான் கேட்கவில்லை, என் வாழ்க்கையில் நான் பெருமைப்படுகிற சில காரியங்களில் அது ஒன்று.

வந்த முதல் நாளே, பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், மேடத்திடம் கேட்டுவிட்டாள்.

"டீச்சர், ஒரே ஒரு விஷயம். ரூமுக்குள்ள வரும்போது தட்டிட்டு வருவியளா?"

"எதுக்கும்மா? அப்படி மறைச்சு வைக்க உங்கிட்ட என்ன இருக்கு?"

"மறைக்க ஒண்ணும் இல்ல டீச்சர். உள்ள நான் இருக்கேம்லா?"

மேடம் புன்னகை செய்து, தன் சின்னக் குறிப்பேட்டைத் திறந்து, 'தனிமை நாட்டம், தீவிரம்' என்று எழுதினார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, அவளைக் கொண்டுவிட வந்த அப்பா அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்று முதல் மற்றவர்கள் அறையில் நாளுக்கு இரண்டு முறை நடந்த திடீர்ச் சோதனை எங்கள் அறையில் மட்டும் ஆறு முறை நடந்தது. அறையில் நாங்கள் மூன்று பேர், பேராச்சி, நான், காயல்பட்டினத்து ஷபானா. "ஏய், உன்னால நம்ம ரூம் பஸ் ஸ்டாண்ட் ஆயிருச்சுடி," என்பாள் ஷபானா, "இன்னும் ஒரு டீக்கடைதான் பாக்கி." பேராச்சி சிரிப்பாள். ஆனால் கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் அவள் தோள்கள் காதுவரை ஏறி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூலையில் ஒரு மத்தியானம், வீட்டு ஞாபகமோ என்னவோ, அவளுக்கு அழ வேண்டியிருந்தது. அழுவதற்கு ஒரு இடம் இல்லாமல், அறைக்குள் போய், கதவைச் சாத்தி, இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் ஊன்றி, நெற்றியையும் வைத்து நின்று அழுதிருக்கிறாள். வெளியிலிருந்து வார்டன் தள்ளினார், பிறகு வார்டனும் மேடமும் தள்ளினார்கள், பிறகு வாட்ச்மேனையும் கூப்பிட்டுத் தள்ளினார்கள், அரை மணி நேரம் அந்த ஒற்றை நாடிப் பெண் மூன்று பேரைத் தாங்கினாள், கடைசியில் கால் வழுக்கி விழுந்தாள். அடுத்த நாள் காலையில், அவள் வலது உள்ளங்கை இருந்த இடத்தில், முப்பது வருஷத்துக்கு முன்னால் அறுத்து இழைத்த அந்தப் பலாமரக் கதவில், பாலுண்ணி அளவுக்கு ஒரு மொக்கு இருந்தது. பத்து மணிக்கு அது சுண்டுவிரல் அளவு ஆனது. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது அது ஒரு தாழ்ப்பாள்.

மரத் தாழ்ப்பாள்தான், ஆனால் வெட்டியதோ செதுக்கியதோ அல்ல, முளைத்தது. நுனியில் நகம் அளவுக்கு ஒரு பச்சை இலை. தள்ளினால் நகர்ந்து எதிர்ச் சட்டத்தில் அதற்கென்றே குழிந்திருந்த ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது, உட்காரும்போது பலாப்பால் வாசம் அடித்தது.

"பெயின்ட் உப்பியிருக்கு, ஈரம்," என்றார் வார்டன், அன்றைக்கே பக்கத்து ஊரான ஓடைமேட்டிலிருந்து தச்சர் வேலாண்டியை வரவழைத்தார். வேலாண்டி சின்ன ரம்பத்தால் அதை அறுத்து எடுத்தார். அறுத்த இடத்தில் வெள்ளையாகப் பால் கசிந்தது, அவர் அதை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்து, தன் துண்டால் ஒற்றிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கதவில் இரண்டு முளைத்தன, பக்கத்து அறைக் கதவில் ஒன்று, உடை மாற்றும் அறையில் ஒன்று, அடுத்த வாரம் மரக்கதவு இருந்த இடமெல்லாம். மூன்று குளியலறைகளுக்கு பிளாஸ்டிக் கதவு, அதில் மட்டும் முளைக்கவில்லை; அதை வைத்து இதெல்லாம் கட்டுக்கதை என்று வாதாட வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பிளாஸ்டிக் வாளியில் முருங்கை துளிர்க்காததால் உலகத்தில் முருங்கையே கிடையாது என்று சொல்வார்களா அவர்கள்? பிளாஸ்டிக் கதவுகளை நாங்கள் கைவிட்டுவிட்டு, மரக்கதவு இருந்த இரண்டு குளியலறைகளுக்கு வரிசையில் நின்றோம், அவ்வளவுதான். அங்கே யாரும் வாய்ப்பாடு சொல்லவில்லை. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும், எனக்கு அந்தச் சத்தம் அத்தனை அழகாக இருக்கும் என்று அதுவரை தெரியாது.

வேலாண்டி வாரம் ஒரு முறை வந்து அறுத்தார். அறுக்கிற நாளை மேடம் கால அட்டவணையிலேயே சேர்த்துவிட்டார், செவ்வாய்க்கிழமை, யோகாவுக்குப் பிறகு, 'தாழ்ப்பாள் நீக்கம்'. நாங்களும் பழகிவிட்டோம், செவ்வாய்க்கிழமை குளிக்கமாட்டோம், புதன் சாயங்காலத்துக்குள் திரும்ப வளர்ந்துவிடும். ஷபானா தினமும் முகம் கழுவிய தண்ணீரில் கொஞ்சம் எடுத்து எங்கள் கதவுக்குத் தெளிப்பாள். "வளருடி தங்கம், வளரு, மாமியா வர்றதுக்குள்ள வளரு," என்பாள். மாமியார் என்றால் வார்டன்.

விவசாயக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, இரண்டு நாள் தங்கி, இறந்த மரத்தில் செல் பிரிதல் நடக்க வாய்ப்பில்லை என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, போவதற்கு முன்னால் கழிவறைக்குப் போய், தாழைப் போட்டு, வேலை முடித்து, தாழை விலக்கி வெளியே வந்தார். எழுதியதை அவர் மாற்றவில்லை.

மேடம் முட்டாள் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு யோசனை வந்தது. அடங்காத பெண்களை அடைத்துவைக்க 'அமைதி அறை' என்று ஒன்று இருந்தது, ஜன்னல் இல்லாத அறை; அதன் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாளை ஒட்டவைத்தால் பூட்டுச் செலவு மிச்சம் என்று நினைத்து, ஒரு நல்ல முற்றின தாழாகப் பார்த்து அறுத்து, சாணமும் செம்மண்ணும் வைத்துக் கட்டச்சொன்னார். ஒரு மணி நேரத்தில் அது வாடிய கத்தரிக்காய்போல் சுருங்கிக் கீழே விழுந்தது. மூன்று முறை கட்டினார்கள், மூன்று முறையும் விழுந்தது. வெளியே இருக்கிறவர் கையில் இருப்பது பூட்டு, உள்ளே இருக்கிறவர் கையில் இருப்பது தாழ்ப்பாள், படித்த மேடத்துக்குப் பிடிபடாத வித்தியாசம் செத்த மரத்துக்குப் பிடிபட்டிருந்தது.

அறுத்துப்போட்ட தாழ்களைச் சமையலறைக்குப் பின்னால் கொட்டுவார்கள். அங்கேதான் காலையில் பால் ஊற்ற வருகிற முத்தழகு அவற்றைப் பார்த்தார். ஓடைமேட்டுக்காரர், கழுத்து எலும்பு துருத்திய ஒல்லி உடம்பு, முப்பது வயது இருக்கும். பால் கேனை இறக்கிவைத்துவிட்டு எங்கள் அறை ஜன்னலுக்கு வந்தார்.

"கண்ணு, இந்தத் தாழுக்குச் சொந்தக்காரப் புள்ள யாரு?"

பேராச்சி எட்டிப்பார்த்தாள். "என்னோடதுன்னு இல்லக்கா. சும்மா முளைச்சது."

"எனக்கு ஒண்ணு குடு சாமி. கல்யாணமாயி பன்னெண்டு வருசம் ஆச்சு, நான் சேலை மாத்துறப்ப ஒரு நாளாச்சும் வீட்ல ஒரு ஆளு கதவத் தள்ளாம இருந்ததில்ல. மாமியா, கொழுந்தன், அவன் கூட்டாளி, கடன் கேக்க வர்றவன்… எல்லாத்துக்கும் எங்க ரூம்புலதான் என்னமோ வேலை இருக்கும்."

பேராச்சி, இலை வாடாத ஒன்றாகப் பொறுக்கி, ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். நாலாம் நாள் முத்தழகு வந்தபோது பால் கேனை ஒற்றை விரலில் தூக்கிவந்த மாதிரி இருந்தது. "பிடிச்சுக்கிருச்சு," என்றார், எல்லோருக்கும் ஒரு டம்ளர் பால் அதிகமாக ஊற்றினார்.

பிறகு ஓடைமேட்டிலிருந்து பெண்கள் இரண்டிரண்டு பேராக வந்தார்கள், சுள்ளி பொறுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு, ஆடு தேடி வந்ததாகச் சொல்லிக்கொண்டு, பிறகு எதையும் சொல்லாமலே. தீபாவளிக்குள் அந்த ஊரில் தாழ் துளிர்க்காத வீடு நான்கோ ஐந்தோதான். ஆண்களும் ஒருவழியாகப் பழகினார்கள். ஆரம்பத்தில் டீக்கடையில் கூடிக் கொதித்தார்கள், என் வீட்டில் நானே தட்டிக்கொண்டு நிற்பதா என்று ஒருவர் பெஞ்சைக் குத்தினார். அவரே அடுத்த மாதம், தட்டிவிட்டு நிற்கிற அந்த ஒரு நிமிஷத்தில் தனக்குப் பெண் பார்க்கப் போன அன்று வந்த கூச்சம் வருவதாக, யாரும் கேட்காமலே சொன்னார். பஞ்சாயத்தில் ஒரு முறை பேச்சு எடுத்தார்கள், அதற்குள் தலைவர் வீட்டிலேயே கதவு தளிர்த்துவிட்டதால் அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். தையில் நடந்த ஒரு கல்யாணத்தில், சீர்த்தட்டு வரிசையில், வாழைப்பழத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே, ஈரத்துணியில் சுற்றிய ஒரு தாழ்ப்பாளைப் பெண்வீட்டார் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள், மாப்பிள்ளையின் தங்கைகள் இரண்டு பேரும் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். அதற்குப் பிறகு தாழ் இல்லாத சீரைச் சீர் என்றே யாரும் சொல்வதில்லை.

இத்தனையும் நடந்தது, ஊரே மாறியது, ஆனால் பேராச்சிக்கு அவள் கேட்டது கிடைக்கவில்லை. அதை மறந்துவிடாதீர்கள், நாங்களே சில நாள் மறந்துவிட்டோம். தாழ் இருந்ததால் மேடம் தள்ளுவதை நிறுத்தவில்லை. தள்ளுவார், திறக்காது, வெளியே நின்று, "திற," என்பார். ஒரு முறைகூடத் தட்டவில்லை. பேராச்சிக்கு யாரும் உள்ளே வரக்கூடாது என்றில்லை. கேட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

ஏப்ரலில் அவளுடைய வருஷம் முடிந்தது. அவள் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். எங்கள் கடிதங்களை ஒட்டாமல்தான் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். 'அப்பா, வீட்டுக்கு வரணும்னு ஆசையா இருக்கு. கதவைத் தட்டிக் கூப்பிடுவீங்கன்னா வாறேன். இல்லன்னா இங்கயே இருக்கேன்.' மேடம் அதைப் படித்து, இரண்டாவது வரிக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, நோய் முற்றிவிட்டது, இன்னும் இரண்டு வருஷம் இங்கே வைத்திருக்க வேண்டும் என்று ஒரு ஒப்பந்தத் தாளையும் சேர்த்து அனுப்பினார்.

நெல்லையப்பன் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தார். மூட்டை தூக்கியே அகன்ற தோள், வெள்ளைச் சட்டை, பையில் அந்தத் தாள். ஷபானாவும் நானும் தலை துவட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றோம், உள்ளே பேராச்சி மட்டும் இருந்தாள், கதவு சாத்தியிருந்தது. அவர் நேராக வந்து தோளால் ஒரு இடி இடித்தார். நெல் மூட்டையை ஒற்றைக் கையில் புரட்டுகிறவர் இடித்தும் அந்தக் கதவு அசையவில்லை, தாழின் இலை சலசலத்தது மட்டும் கேட்டது.

"ஏட்டி, தொறக்கியா இல்லியா?"

இன்னொரு இடி இடித்தார்.

"பாத்தீங்களா சார்? இதைத்தான் எழுதியிருந்தேன்," என்ற மேடம், காவலாளியை அனுப்பி வேலாண்டியைக் கடப்பாரையோடு வரவழைத்தார். வேலாண்டி வந்தார், கதவைப் பார்த்தார், கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார்.

"உள்ள ஆளில்லாத கதவுன்னா அறுக்குறேன் மேடம். உள்ள பொம்பளப்புள்ள இருக்கையில நான் கை வைக்கமாட்டேன். பத்து மாசமா அறுத்ததே எனக்குத் தூக்கத்துல வருது."

"உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது நான், வேலாண்டி."

"குடுக்காதீங்க," என்றார் வேலாண்டி, தாழ்வாரத்துத் தூணோரம் போய் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் எல்லா அறையிலிருந்தும் பெண்கள் வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. நாற்பத்திரண்டு பேரும் இரண்டு பக்கமும் சுவரோரமாக நின்றோம், போன ஜூன் மாதம் நின்ற அதே நாற்பத்திரண்டு பேர், ஆனால் இப்போது வார்டன், "எல்லாம் கிளாஸுக்குப் போங்க," என்று மூன்று முறை கத்தியும் ஒரு செருப்புகூட நகரவில்லை, எங்களைச் சரிசெய்ய முடியாது என்று வீட்டில் சொன்னார்களே, எவ்வளவு சரியாகச் சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணி ஆனது, பத்து ஆனது. நெல்லையப்பனுக்கு வியர்த்தது. பையிலிருந்து தாளை எடுத்தார், விசிறிக்கொண்டார், மேடம் பேனாவை நீட்டியதைக் கவனிக்காதவர்போல அதைத் தரையில் விரித்து அதன் மேல் உட்கார்ந்தார். பிறகு எங்களைப் பார்த்து, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், கேட்டார்.

"இந்தப் புள்ள என்னதான் கேக்கு?"

"தட்டச் சொல்றா மாமா," என்றாள் ஷபானா.

"பெத்த புள்ள ரூமத் தட்டணுமா? நான் என்ன விருந்தாளியா?"

"விருந்தாளி வந்தா நீங்க தள்ளிவிட்டுட்டா உள்ள போவீங்க? உங்க மில்லுக்குள்ள யாராவது கேக்காம வந்தா விடுவீங்களா?" என்றேன் நான். கொஞ்சம் கத்திவிட்டேன். "நெல்லுக்கு இருக்குற மரியாதை அவளுக்குக் கிடையாதா மாமா?"

பால் கேனோடு நின்றிருந்த முத்தழகு மெதுவாகச் சொன்னார். "எங்க வீட்டுக்காரரும் மொதல்ல ஒதைச்சுத்தாண்ணே பாத்தாரு. இப்பத் தட்டுறாரு. கை ஒண்ணும் தேஞ்சு போகல."

நெல்லையப்பன் எழுந்தார். வேட்டியை உதறி, அவிழ்த்து, இறுக்கிக் கட்டிக்கொண்டார். கதவுக்கு முன்னால் போய்க் கையைத் தூக்கினார், தூக்கியது முஷ்டி, அது அவருக்கே தெரிந்து இறக்கினார். உள்ளங்கையை விரித்தார், அது மூட்டையைத் தட்டிப் பார்க்கிற கை, அதையும் இறக்கினார். ஐம்பது வயது மனிதருக்குக் கதவு தட்டத் தெரியவில்லை, அதற்கான கை அவரிடம் இல்லை, அவர் அதைத் தேடிக்கொண்டு அங்கே நின்றார், யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் முட்டியால், முதல் நாள் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைபோல, இரண்டே இரண்டு முறை தட்டினார்.

"ஏட்டி பேராச்சி… அப்பா வந்திருக்கேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "உள்ள வரட்டுமா?"

மேடத்தின் பேனா திறந்தபடியே இருந்தது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, காலடிச் சத்தம் கதவுவரை வந்து நின்றது, பிறகு, அழுகையோ கோபமோ இல்லாத, காலையில் எழுந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணின் சாதாரணக் குரல் சொன்னது:

"இப்ப வேண்டாம்ப்பா. தல சீவிக்கிட்டு இருக்கேன். செத்த இருங்க."